நூற்றுப் பதினேழாவது

மூன்று குளிர்காலமாக
எனக்கும் ஹில்டிங்குக்கும் பேச்சில்லை.
பனி வாரும் வண்டியால் தன் பாதையைத் திறந்து
என் பாதையை மூடிவிட்டுப் போனவன்.
நான் நகராட்சிக்கு எழுதினேன்.
அவன் நாயைக் கட்டாமல் விட்டான்.
அப்படியே போயிற்று.

நேற்று மாலை கதவுப்படியில் ஒரு கூடை.
மேலே செய்தித்தாள், பறக்காமலிருக்க ஒரு கல்.
கடிதம் இல்லை. கைப்பிடியில் சுற்றிய நீலக் கயிறு
அவனுடையது.

புனல்காளான்கள்.
அக்டோபரில், ஸ்புரூஸ் மரத்தடிப் பாசியில்,
ஒன்றைக் கண்டால் அங்கே நூறு
என்பது ஜேம்ட்லாண்ட் பக்கம் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

சமையல் மேசைமேல் விளக்கை இறக்கி
ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பினேன்.
தொப்பியை நம்பக்கூடாது, ஒரு மழைக்கே நிறம் மாறும்.
அடியில் பார்க்க வேண்டும்:
தகடுகள் இல்லை, வெறும் சுருக்கங்கள்,
கிளை பிரிந்து பிரிந்து
மெழுகு வழிவதுபோல் தண்டில் இறங்குபவை.
தண்டு மஞ்சள். நசுக்கினால் உள்ளே காற்று.

இது நல்லது. இது நல்லது.
இது ஊசியிலை ஒட்டிய நல்லது.
எப்போது எண்ணத் தொடங்கினேன், தெரியவில்லை.
அறுபத்து மூன்றில் ஒரு நத்தை.
எண்பதில் காபி ஆறியிருந்தது.

நூற்றுப் பதினேழாவது
நசுங்கவில்லை.

தண்டு முழுக்கச் சதை.
அடியில் சுருக்கமல்ல, தகடுகள்,
இடைவெளி விட்டு, துரு நிறத்தில்,
தண்டைத் தொட்டதும் நின்றுவிடுபவை.
தொப்பியின் நடுவே ஒரு கூர்.
தண்டைச் சுற்றி மங்கிய மஞ்சள் வளையங்கள்,
யாரோ வளையல்களைப் பாதி கழற்றி விட்டதுபோல்.
முகர்ந்தேன். முள்ளங்கி, லேசாக.

இந்த ஊர்மொழியில் அதற்கு நச்சுச்சிலந்தி என்று பெயர்.

தொப்பியை வெட்டி வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து
மேலே கண்ணாடித் தம்ளரை மூடினேன்.
இரவெல்லாம் அது தன் கையெழுத்தைப் போடும்.
அதுவரை வேலை இல்லை.

ஆகவே ஹில்டிங்கைத் திருப்பிப் பார்த்தேன்.
அறுபது வருடம் இதே காட்டில் பறிப்பவன்
தவறுவானா?
கண்புரை என்று கடைக்கார கெர்டா சொன்னாளே,
அது இவனையா, இவன் தம்பியையா?
கொல்ல நினைத்தால் பத்துப் போட்டிருக்கலாம்.
ஒன்று போதும் என்று தெரிந்தவன்
ஒன்றுதான் போடுவான்.
மனிதனுக்கு அடிப்பக்கம் எது?
எங்கே நசுக்கிப் பார்ப்பது?

விடியலில் தம்ளரைத் தூக்கினேன்.
துரு.
சக்கரத்தின் ஆரங்களாகத் துரு,
பழைய ஆணியைக் காகிதத்தில் தேய்த்த மாதிரி.
புனல்காளான் என்றால் வெளிறிய தூள்தான் உதிரும்.

காகிதத்தோடு வேலியைத் தாண்டினேன்.
நாய் குரைக்காமல் வந்து கையை முகர்ந்தது.
கதவு திறந்ததும் வெண்ணெய் வாசனை,
அடுப்பில் கழுவாத வாணலி.

"எப்படி இருந்தது?" என்றான்.
"ஒரே இடத்தில் பறித்தது. நான் முந்தாநாளே தின்றுவிட்டேன், நேற்றும்.
பெரியதெல்லாம் உனக்குத்தான் பொறுக்கி வைத்தேன்."

காகிதத்தை நீட்டினேன்.
மூக்கு தொடும் தூரத்தில் வைத்துப் பார்த்தான்.
இடக்கண்ணால், பிறகு வலக்கண்ணால்.
"நன்றாயிருக்கிறதே," என்றான், "பூவா?"

எஸ்டர்சுண்ட் மருத்துவமனைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்,
என் காரில்.
மீதித் தண்டு ஜாம் புட்டியில், அவன் மடியில்.
வயிறு நன்றாக இருக்கிறது என்கிறான்.
அடுத்த வளைவில், தலையும் நன்றாக இருக்கிறது.
வீண் பெட்ரோல் செலவு என்கிறான்.
அந்தக் காளான் அவசரப்படாது,
சிலருக்குப் பத்து நாள், சிலருக்கு இருபது,
நன்றாக இருப்பதும் ஓர் அடையாளமே என்பதை
நான் சொல்லவில்லை.
ஒருவேளை அவன் வாணலியில்
ஒன்றுகூட விழாமலும் இருந்திருக்கலாம்.
முதலில் தாகம் வருமாம்.
தண்ணீர் தண்ணீர் என்று கேட்பார்களாம்.

இருபுறமும் ஸ்புரூஸ். நடுவே ஈரத் தார்ச்சாலை.
பனி வண்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஹில்டிங் ஹீட்டரைக் குறைத்தான்.
கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு
"குடிக்க ஏதாவது இருக்கிறதா?" என்றான்,
சாதாரணமாக.